ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை வகுப்பை இனி இளம் ஆசிரியர்கள் நீங்கள் நடத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் என்ன செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஏறாமலே வேப்பமரத்தின் உயரத்தை அளப்பது, ஊர் பஸ்ஸுக்குப் புதிய நேர அட்டவணை போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். கையில் போன் வைத்திருக்கிறீர்கள், தேடினால் நூறு கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. அந்த வகுப்பை வீட்டில் எந்தப் பெயரில் சொல்லி அனுப்புவீர்கள்? சிரிக்காதீர்கள். பெயரில் கோட்டைவிட்டதால் ஒரு பெண் குழந்தை சென்னைக்குத் தூளி ஆட்டப் போக இருந்தாள்.

முதலில் இந்த வகுப்பு எதற்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நாங்கள் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்த பிள்ளையை எழுப்பி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்வோம். அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் டீ வாங்க அனுப்புவோம். இன்னும் கெட்டி என்றால், டீச்சர் லீவு போட்ட ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம். ஆக, மூளை உள்ள பிள்ளை படிப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும் செய்துகொண்டிருக்கும்.

எங்கள் தலைமையாசிரியை அதிகம் பேசாதவர். ஒருநாள் என் வகுப்புக்குள் வந்தார். பலகையில் வரிசையாக எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தார். "எழுதனவன் கையெழுத்து நல்லாத்தான் இருக்குது. அவன் இன்னிக்கு இன்னா கத்துக்கினான்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை வேகமாக முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் அந்தக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

பிறகு எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆனது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும். டவுனில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த எங்கள் பள்ளியில் இந்த வகுப்பைத் தொடங்கினோம். நானும் ஒரு கணக்கு சாரும். அவர் என்னைவிட வயதில் சின்னவர், எதற்கெடுத்தாலும் பதறுகிறவர், ஆனால் பிள்ளைகள் அவரை விடமாட்டார்கள். சுற்றுப்பட்டுப் பள்ளிகளில் நான்காவது ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளில், வகுப்புப் பாடம் போதாமல் தவிக்கிற ஒன்றிரண்டு பேரை அனுப்பச் சொன்னோம். சனிக்கிழமை காலையில் மயிலத்திலிருந்தும் மரக்காணம் ரோட்டு ஊர்களிலிருந்தும் வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர்களை எண்ணிப் பார்த்து ரோட்டைக் கடக்க வைப்பது என் வேலை.

பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. வாரத்துக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். புளியங்கொட்டையும் தீக்குச்சியும் நூலும் பழைய பேப்பரும்தான் சாமான்கள். ஆளுக்கு ஒரு அட்டைப் பெட்டி, துணிக்கடையில் சட்டை வைத்துத் தருவார்களே, அது. பிள்ளைகள் தங்கள் சரக்கை அதில் போட்டு வைத்துக்கொள்வார்கள்.

பெருமுக்கல்லிலிருந்து வந்தவள் கௌரி. நான்காம் வகுப்பு. எலும்பும் தோலுமாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு வருவாள். அவள் அப்பா சேகர் டெம்போ ஓட்டுகிறவர். அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் உடைக்கவும் கூலிக்குப் போகிறவள். கௌரி வாயே திறக்கமாட்டாள். கேள்வியைப் போட்டதும் மற்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் கத்துவார்கள், இவள் தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டிருப்பாள். சத்தம் அடங்கும்போது விடை தரையில் இருக்கும். கணக்கு சார் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "டீச்சர், இத எனக்கே முழுசா புரிய ரெண்டு நாளாவும்" என்றார். கூச்ச சுபாவம், போகப்போகப் பேசுவாள் என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம்.

அப்படிப்பட்டவள் திடீரென்று இரண்டு சனிக்கிழமை வரவில்லை. அவளோடு ஒரே பஸ்ஸில் வரும் ஜெயந்தியைக் கேட்டேன்.

"அவ வரமாட்டா டீச்சர். அவளுக்கு மயிலம் கோயில்ல மொட்ட அடிச்சிட்டாங்க."

"வேண்டுதலா?"

"ஆமா டீச்சர். படிப்பு ஏறணும்னு வேண்டிக்கினாங்களாம். மொட்ட அடிச்சும் ஏறாதுன்னு அவங்க அத்த சொல்லிட்டாங்களாம். அத்த பொண்ணுக்குக் கொழந்த பொறந்துருக்குது. தூளி ஆட்டறதுக்கு இவள மெட்ராஸுக்கு இட்டுக்கினு போறாங்க. எங்க ஸ்கூல்ல டிசி கேட்டுருக்காங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படிப்பு ஏறவில்லையா, யாருக்கு? ஜெயந்தி என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவ ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கறா இல்ல டீச்சர். அதான்" என்றாள்.

அப்போதுதான் தலையில் அடித்ததுபோல் புரிந்தது. நீங்களும் இந்த ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்கள்தானே. நம் பள்ளிக்கூடங்களில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் என்ன? தேறாத பிள்ளைகளை மாலையில் நிறுத்திவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதற்குப் பெயர் ஸ்பெஷல் கிளாஸ். எங்கள் வகுப்புக்கு அனுமதி கொடுத்த மேலிடத்துத் தாளில் போட்டிருந்த பெயர் 'சிறப்பு வகுப்பு'. ஊர்ப் பள்ளியில் அதையே கௌரியிடம், "சனிக்கிழமையில திண்டிவனத்துல உனக்கு ஸ்பெஷல் கிளாஸ், வூட்ல சொல்லிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு வீட்டில் பார்த்த ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. ஊர்ப் பள்ளியில் சொல்லித்தருவது போதவில்லை என்று டவுனுக்கு வரச்சொல்கிறார்கள். அங்கேயும் பாடம் நடத்துவதில்லை. பால்வாடிப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்கிறார்கள். பரீட்சைகூட வைப்பதில்லை, வைத்து என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டார்கள்போல. நானே அந்த வீட்டில் இருந்திருந்தால் நானும் முடிவு கட்டியிருப்பேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்லுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றார்கள் பக்கத்து வீட்டில். அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருமுக்கல் பள்ளியில் சொல்லி டிசியைக் கொஞ்சம் தள்ளிப்போட வைத்தேன். ஆனால் தூளி ஆட்டுவதற்கு டிசி எதற்கு?

அடுத்த சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்காக நின்றுகொண்டிருந்தேன். சென்னை பஸ் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அதன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைத் தலை. சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. திரும்பியபோதுதான் கௌரி என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் கையால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் சேகர். ஜன்னல் ஓரத்தில் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தது அத்தைதான்.

ஓடிப்போனேன். மூச்சு வாங்க, "இன்னாங்க இது, உங்க பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணுங்க. அவள போயி" என்று ஆரம்பித்தேன்.

சேகர் கோபப்படவில்லை. அவர் மரியாதையாகப் பேசியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "டீச்சர், நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. எனக்குத் தெரியும். நான் எட்டாவது படிக்கசொல்லோ ஒரு வருசம் பூரா ஸ்பெஷல் கிளாஸ்ல ஒக்காந்தவன். எங்க வாத்தியாரும் எங்கப்பாகிட்ட, பையன் நல்லா படிக்கிறான்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. நான் ஃபெயிலு. ஊரே சிரிச்சிது. எம்பொண்ணுக்கு அந்த அசிங்கம் வேணாங்க."

அத்தை ஜன்னலிலிருந்து, "சேகரு, ஜல்தியா ஏத்திவுடு. பேசிக்கினு நிக்காத, பேஜாரு" என்றாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் நாக்கு நுனியில் பத்து வாக்கியம் இருந்தது. ஒன்றாலும் பிரயோஜனம் இல்லை. பிள்ளையைப் புகழ்ந்து நான் பேசப்பேச, ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் அந்த மனிதருக்குப் படும். பெயரை விளக்கலாம் என்றால் பஸ்ஸுக்குக் கீழே நின்று எதை விளக்குவது? டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டேன். பேசி ஜெயிக்கிற விஷயம் இல்லை இது, கண்ணால் பார்த்தால் ஒருவேளை உண்டு என்று பட்டது.

"சரிங்க, இட்டுக்கினு போங்க" என்றேன். "அவ பெட்டி கிளாஸ்ல இருக்குது. அவ சேத்து வச்ச சாமான். அத மட்டும் வந்து எடுத்துக்கினு போயிடுங்க. எதிர்லதான் இருக்குது பள்ளிக்கூடம்."

சேகர் கண்டக்டரைப் பார்த்தார். எடுக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றார் கண்டக்டர். டீச்சர் கேட்டதை மறுக்கச் சேகருக்கு மனம் வரவில்லை. பையும் அத்தையும் பஸ்ஸில் இருக்க, நாங்கள் மூவரும் ரோட்டைக் கடந்தோம். கௌரி அப்போதும் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வகுப்பு வாசலில் சேகர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் காட்டி, "அது நம்ம ரைஸ்மில் மொதலாளி பேத்தி இல்ல?" என்றார். அந்த மில்லுக்கு அவர் டெம்போவில் மூட்டை ஏற்றுகிறவர். "ஆமாங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவு இரக்கம் அந்தக் குரலில். "அந்தப் பாப்பாவுக்கும் படிப்பு ஏறலிங்களா டீச்சர்? ஃபஸ்ட் ரேங்க், ஃபஸ்ட் ரேங்க்னு மொதலாளி ஊர் பூரா சொல்லிக்கினு இருக்காரே. பாவம், அவருக்குத் தெரியாதா?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "அவ ஃபஸ்ட் ரேங்க்தாங்க. இங்க வர்றதுங்க எல்லாமே அப்படித்தான்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். ஆனால் போகவும் இல்லை.

உள்ளே அன்றைய வேலை, பழைய பேப்பரை மட்டும் வைத்து ஒரு செங்கல்லைத் தாங்கும் பாலம் கட்டுவது. கணக்கு சார் இரண்டு பேரைத் தலைவர்களாக நிறுத்தி ஆள் பிரிக்கச் சொல்லியிருந்தார். ஒன்று மில்காரர் பேத்தி, இன்னொன்று மயிலத்துப் பையன். ஒருவர் மாற்றி ஒருவர் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் கௌரியை மெல்ல உள்ளே விட்டேன்.

எல்லாக் கண்ணும் அந்த மொட்டைத் தலைமேல். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பிள்ளை சிரித்தால் போதும், கௌரி திரும்பி ஓடிவிடுவாள், அப்புறம் சாமியே வந்தாலும் அவளைத் திரும்பக் கூட்டிவர முடியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் பெட்டி இருந்த மூலையைப் பார்த்து நடந்தாள்.

மில்காரர் பேத்தி கை நீட்டினாள். "கௌரி எங்களுக்கு."

"அதெப்படி? இப்ப என் சான்ஸு" என்றான் மயிலத்துப் பையன்.

"நான் மொதல்ல சொன்னேன்."

"பேர் சொல்றது ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான். சார், சொல்லுங்க சார். போன தடவையும் அவ அவங்க கூடத்தான் இருந்தா, அதனாலதான் ஜெயிச்சாங்க."

மொட்டையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கூட்டமும் எழுந்து நின்று சண்டை போட ஆரம்பித்துவிட்டது. கணக்கு சார் வழக்கம்போல் பதறினார். கடைசியில் மில்காரர் பேத்தி பேரம் பேசினாள். "சரி, கௌரிய எங்களுக்கு வுட்டுடு. எங்க ஆளு ரெண்டு பேர எடுத்துக்க."

"மூணு பேரு குடுத்தாலும் தரமாட்டேன்" என்றான் அவன்.

நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் கபடி ஆடியவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆள் பிரிக்கும்போது யாரை முதலில் எடுப்பார்கள், யாருக்காக அடித்துக்கொள்வார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாத்தியார் மனசு நோகக்கூடாது என்று பொய் சொல்லலாம். ஜெயிக்க வேண்டிய பிள்ளைகள் ஆள் எடுப்பதில் பொய் சொல்லமாட்டார்கள்.

"ஒருத்திக்கு மூணு பேரா?" என்றார். என்னிடம் கேட்டதா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

எதிரே சென்னை பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக இன்னொரு முறையும் அடித்தது. கௌரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள், போகலாம் என்பதுபோல். சேகர் குனிந்து அந்தப் பெட்டியை வாங்கினார். திரும்பிப் போய் அது இருந்த மூலையிலேயே வைத்தார்.

"ஒக்காரு. வெளையாடு" என்றார். பிறகு பஸ்ஸை நோக்கி ஓடினார்.

நானும் பின்னாலேயே போனேன். பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. அத்தை பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி என்னவோ கத்திக்கொண்டு போனாள். சேகர் ரோட்டு ஓரத்தில் நின்று, நீ போ என்று கையை ஆட்டினார். கௌரியின் துணிமணி எல்லாம் மெட்ராஸுக்குப் போனது, கௌரி திண்டிவனத்தில் நின்றுவிட்டாள். நான் அங்கேயே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அத்தனை நிம்மதி. சேகர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், காசு தர விடவில்லை. அத்தை சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சம்பந்தி வீட்டில் ஆள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் கோபம் ஆறிவிட்டது.

அந்த வாரமே நாங்கள் பெயரை மாற்றினோம். 'திறமைசாலிகள் வகுப்பு' என்று வைக்கலாம் என்றார் கணக்கு சார். வேண்டவே வேண்டாம் என்றேன். அப்படி வைத்தால் வராத பிள்ளைகள் எல்லாம் என்ன, திறமை இல்லாதவர்களா? சனிக்கிழமை வகுப்பு என்றே இருக்கட்டும் என்று முடிவானது. மேலிடத்துத் தாளில் அவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொரு பிள்ளையின் அம்மா அப்பாவையும் ஒருமுறையாவது வகுப்பு நடக்கும்போது வந்து பார்க்க வைத்தோம். கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இல்லை, சும்மா வாசலில் நின்று பார்ப்பதற்கு. இதை மட்டும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். பிள்ளை என்ன செய்கிறது என்று வீட்டுக்குத் தெரியாவிட்டால், வீடு தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும்.

சேகர் இன்னொரு வேடிக்கையும் செய்தார். மயிலத்து முருகனுக்கு மொட்டை அடித்த கையோடு பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பெருமுக்கல்லிலிருந்து அடுத்த வருஷம் வந்த பிள்ளைகளில் இரண்டு பேர் மொட்டையாகத்தான் வந்தார்கள். ஊர் நம்புவதைத் திருத்தட்டுமா என்று கணக்கு சார் கேட்டார். முடி வளர்ந்துவிடும், சும்மா இருங்கள் என்றேன்.

சென்னை பஸ்ஸை விட்ட அந்த நாளுக்கு அடுத்த சனிக்கிழமை கௌரியின் அம்மா அவளோடு பஸ்ஸில் வந்தாள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். மடியில் கட்டிக்கொண்டு வந்த வறுத்த மல்லாட்டையை என் கையில் கொட்டினாள். மகள் ரோட்டைக் கடந்து ஓடும்வரை பார்த்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த கிளாஸுக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து அது வூட்டுல வாயே தொறக்காது. கேட்டாகூட பதில் சொல்லாது. மக்குன்னு தெரிஞ்சி போச்சே, அந்த ஏக்கம்னு நாங்க வுட்டுட்டோம். இப்ப ஒரு வாரமா ஓயாம பேசுது டீச்சர். சோறு திங்கசொல்லோ பேசுது, தண்ணி எடுக்கசொல்லோ பேசுது, பாலம் எப்படிக் கட்டணும்னு எனக்கு வெளக்குது. நேத்து அவங்கப்பா தூங்கணும்னு கெஞ்சறாரு. நீங்கதான் அத கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லணும்."

கௌரியிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.